குரலைக் காப்போம், களவைத் தவிர்ப்போம்

 

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ பழைய ஒலிநாடாக்கள் சில கிடக்கின்றனவா? வெளிநாட்டிலிருந்து அத்தா பேசி அனுப்பிய நாடா, மறைந்த பாட்டியின் தாலாட்டு, ஊருக்கு வந்து சென்ற பெரியவர் ஒருவரின் சொற்பொழிவு என ஏதேனும் ஒன்று அவற்றுள் இருக்கக்கூடும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஏன் இப்படி வேண்டிக்கொள்கிறேன் என்பதற்கு என் தவறு ஒன்றையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மாணவனாயிருந்த காலத்தில், அரபி எழுத்துகளின் உச்சரிப்பை என் உஸ்தாத் பாடமாகச் சொல்ல, அதைப் பதினான்கு ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒலியாகப் பதிந்ததற்குக் காரணமுண்டு. ஸீன், ஸாத், ஸா என்னும் மூன்று எழுத்துகளையும் தமிழில் நாம் ஒரே ‘ஸ’வால்தான் எழுதுகிறோம். இரண்டு வேறு எழுத்துகளுக்கு ஒரே ‘ஹ’. நம் எழுத்தால் காட்ட முடியாத வேற்றுமையை ஆசானின் நாவுதான் காட்டும். ஏடு எத்தனை இருந்தாலும் குரலுக்கு ஈடாகாது.

உஸ்தாத் மறைந்தபின், 2010ஆம் ஆண்டில் அந்த நாடாக்களைக் கணிப்பொறியில் ஏற்றினேன். அதற்கான மென்பொருளைக் கணிப்பொறி விற்றவரே ‘போட்டுக்’ கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும், இனி இவை எதற்கு என்று ஒன்பது நாடாக்களைக் கழித்துவிட்டேன். சோம்பலால் ஐந்து மட்டும் தப்பின. சில மாதங்களில் நச்சுநிரல் ஒன்று புகுந்து கணிப்பொறியில் இருந்ததையெல்லாம் அழித்தது. விற்பனை மென்பொருளின் பூட்டை உடைப்பதற்காகச் சேர்த்திருந்த கோப்பின் வழியே அது வந்திருக்க வேண்டும் என்று பழுது பார்த்தவர் சொன்னார்.

ஒரு மாணவனின் கேள்வி

இரண்டாண்டுகள் கழித்து, மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டு மாலையில் மதரஸாவுக்கு வரும் மாணவன் ஒருவனிடம் எஞ்சிய ஐந்து நாடாக்களைப் பற்றிச் சொல்லி, பழைய மென்பொருளையே மறுபடியும் ஏற்றித் தரக் கேட்டேன். அவனிடம் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இருந்தது.

“ஹஜ்ரத், ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?” என்றான்.

“கேள் தம்பி” என்றேன்.

“அந்த மென்பொருளை நீங்கள் விலை கொடுத்தா வாங்கினீர்கள்? இல்லையென்றால் அது பூட்டை உடைத்த பொருள் அல்லவா? அடுத்தவர் உடைமையை அனுமதியின்றி எடுப்பது பற்றிப் போன வாரம்தானே பாடம் நடத்தினீர்கள்?”

அன்று நான் தலைகுனிந்தேன். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதாலேயே களவு என்று தோன்றாமற்போயிற்று. அவன் என்னைத் திகைப்பில் விட்டுவிடவில்லை. “களவும் வேண்டாம், காசும் வேண்டாம். இதோ ஒன்று இருக்கிறது” என்று ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருளைத் தன் விரல்நினைவகத்திலிருந்து என் கணிப்பொறியில் ஏற்றினான்.

யார் செய்து வைத்த தர்மம்?

இதை இலவசமாக யார் தருகிறார்கள், ஏன் தருகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், டொமினிக் மசோனி என்னும் மாணவரும் ரோஜர் டேனன்பெர்க் என்னும் பேராசிரியரும் 1999இல் இதைத் தொடங்கினர். ஒலியை ஆராயும் தங்கள் கணக்கீடுகள் சரிதானா என்று திரையில் கண்ணால் கண்டு சரிபார்க்க ஒரு கருவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அது மெல்ல ஒலியைப் பதியவும் வெட்டி ஒட்டவும் வல்லதாக வளர்ந்து, 2000 மே மாதம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதன்பின் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கைகோத்தனர். ஒருவர் பிழை திருத்தினார். ஒருவர் புதிய வசதி சேர்த்தார். ஒருவர் தம் மொழியில் பெயர்த்தார். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இடம் பெற்றிருக்கிறது.

இவ்வகைப் பொருளைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்பர். விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் நான்கு உரிமைகளை வகுத்தது. எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். மாற்றியதையும் பகிரலாம். 1989இல் வெளிவந்த பொது உரிமம் இவற்றைச் சட்டமொழியில் எழுதி வைத்தது. பூட்டை உடைத்துப் படியெடுத்தால் களவு. உடையவரே ‘படியெடுத்துக் கொடு’ என்று எழுதிக் கொடுத்தபின் எடுத்தால் அது உரிமை. செய்யும் செயல் ஒன்றே. அனுமதிதான் இரண்டையும் வேறாக்குகிறது. ஊர்ப் பொதுக்கிணறு வெட்டியவர் தண்ணீருக்கு விலை கேட்பதில்லை. ஆனால் தூர் வாருவது அனைவர் கடமையுமாகும்.

இப்பொருள்களை ஆக்குவோருக்குத் தடைகளும் உண்டு. ‘எம்.பி.3’ என்னும் ஒலிவடிவம் பல ஆண்டுகள் காப்புரிமைக் கட்டுக்குள் இருந்தது. அதனால் அவ்வடிவத்தை ஆக்கும் துணைநிரலை ஆடாசிட்டியுடன் சேர்த்துத் தர இயலவில்லை. பயனாளரே தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2017இல் அதன் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. 2019இல் வந்த பதிப்பு முதல் அது உடன் இணைந்தே வருகிறது. கட்டுப்பாடில்லாத மாற்று வடிவம் வேண்டும் என்றே ‘ஆக் வார்பிஸ்’ என்பதைச் சிலர் தனியே உருவாக்கி 2002இல் நிறைவு செய்தனர் என்பதும் அறியத்தக்கது.

நாடாவிலிருந்து கணிப்பொறிக்கு

சகோதரிகளே, இந்த வேலையை நீங்களே செய்யலாம். நாடாப்பெட்டியில் காதுக்கருவி செருகும் துளையிலிருந்து, கணிப்பொறியில் ஒலி உள்வாங்கும் துளைக்கு ஒரு கம்பி போதும். மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு நாடாவை ஓடவிட வேண்டும். கணிப்பொறி ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. சுருக்காத வடிவில், ஒற்றைத் தடமாக, ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 318 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒலியளவு மிகுந்து மேல் எல்லையைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். பின்னர் அதை ஒட்ட முடியாது. ஆகவே சற்றே குறைத்துப் பதியுங்கள்.

பழைய நாடாவின் ‘ஸ்’ என்னும் இரைச்சலைக் குறைக்கவும் வழியுண்டு. பேச்சில்லாத இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று முதலில் காட்ட வேண்டும். பின் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்துக் கட்டளையிட்டால், அதே இரைச்சலை எங்கும் தணித்துவிடும். மின்விசிறி ஓசைபோல ஒரே சீராக இருப்பதற்குத்தான் இது பயன்படும். எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றிவர மக்கள் பெருந்திரளாய் வருவர். இரவெல்லாம் பேருந்துகளின் ஹாரன் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒலியை எந்த மென்பொருளும் முற்றாகப் பிரித்தெடுக்காது. புதிதாகக் குரல் பதிவதை அன்று தள்ளிவைப்பதே நல்லது.

பதிவு முடிந்ததும் எளிய வடிவில் ஒரு படி ஏற்றுமதி செய்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். முன்னாளில் ஆடாசிட்டி தன் வேலையை ஒரு சிறு கோப்பாகவும், அதனருகே நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட உறையாகவும் சேமித்தது. கோப்பை மட்டும் எடுத்துச் சென்று உறையை இழந்தவர் பலர். 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எல்லாம் ஒரே கோப்பாயிற்று. கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம் என்று மூல நாடாவைக் கழிக்காதீர்கள். நான் கழித்தேன், பலனைக் கண்டேன்.

வீட்டுக்கு வீடு வானொலி

பதிந்த குரலைத் தொலைவிலுள்ளோர் கேட்க இணைய வானொலி துணை செய்கிறது. ஜாக் மொஃபிட், பரத் ராகவன் ஆகிய இருவர் 1998 இறுதியிலும் 1999 தொடக்கத்திலுமாக ‘ஐஸ்காஸ்ட்’ என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். பேசுபவரின் கணிப்பொறியில் ‘பட்’ என்னும் சிறு மென்பொருள் குரலைப் பெற்று அனுப்பும். ஐஸ்காஸ்ட் அதை வாங்கிக் கேட்போர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளையாகப் பிரித்துக் கொடுக்கும். அனுப்பும்போதே பதிவும் செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். வானலை வானொலியில் பத்துப்பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு காதுக்கும் தனிக்கிளை. பேச்சுக்கு 32 கிலோபிட் வேகம் போதும் என்று கொண்டாலும், நூறு பேருக்கு வினாடிக்கு 3,200 கிலோபிட் வெளியே செல்ல வேண்டும். ஆகவே நேயர் பெருகினால் வாடகைச் சேவையகம் தேவைப்படும். மென்பொருள் இலவசம், வழித்தடம் இலவசம் அன்று. கேட்பவருக்கோ ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 14 மெகாபைட் மட்டுமே ஆகும்.

இன்னொன்றும் உண்டு. இணைய ஒலி சில வினாடி முதல் அரை நிமிடம் வரை தாமதித்தே காதை அடையும். எனவே ஸஹர் முடியும் நேரத்துக்கு அதை நம்பியிராதீர்கள். கடிகாரத்தையும் உங்கள் ஊர் அட்டவணையையும் பாருங்கள். பிறர் பாடிய பாடல்களை உரிமையாளரின் அனுமதியின்றி ஒலிபரப்புவதும் நாம் மேலே பேசிய களவின் இனமே.

நம் பக்கத்து முயற்சிகள்

இதெல்லாம் மேலைநாட்டார் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இலங்கையின் மலைநாட்டில் கொத்மலை வானொலி, 1999 வாக்கில் யுனெஸ்கோ துணையுடன் ஒரு புதுமை செய்தது. கிராமத்து நேயர்கள் கேள்வி அனுப்புவர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, ஒலிபரப்பிலேயே விளக்குவர். கணிப்பொறியைக் கண்டிராதவரும் இணையத்தின் பயனைச் செவிவழியே பெற்றனர்.

நம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. சிறு நிலையங்கள் விலையுயர்ந்த கருவிகளுக்கு எங்கே போகும்? இத்தேவைக்காகவே தில்லியில் ஆதித்தேஷ்வர் சேத் முதலானோர் 2009இல் தொடங்கிய ‘கிராம் வாணி’, ‘கிரின்ஸ்’ என்னும் மென்பொருளை ஆக்கியது. நிகழ்ச்சி வரிசை, ஒலிபரப்பு, பதிவுக் களஞ்சியம், நேயர் தொலைபேசி அனைத்தையும் சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்றிலிருந்தே நடத்த அது வழி செய்தது.

கண்காணிப்பும் கடமையே

பொதுப்பொருளைக் கைவிட்டால் அது யார் கைக்கும் போகும். 2021இல் ஆடாசிட்டியின் பொறுப்பை ‘மியூஸ் குரூப்’ என்னும் நிறுவனம் ஏற்றது. பயன்படுத்துவோர் பற்றிய விவரங்களைத் திரட்டும் ஏற்பாடு ஒன்று முன்மொழியப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது, அது கைவிடப்பட்டது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தலாகாது என்பதுபோல் வந்த விதியும் கண்டனத்துக்குப் பின் திருத்தப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால், மனம் ஒப்பாதவர்கள் அதையே கொண்டு வேறு பெயரில் தனிக்கிளைகளும் தொடங்கினர். உரிமை எழுத்தில் இருந்ததால்தான் இது இயன்றது. கேட்க ஆளிருந்ததாலும் இயன்றது.

‘எங்களுக்கு நிரல் எழுதத் தெரியாதே’ என்பீர்கள். நான் கலைப் பட்டதாரி, எனக்கும் தெரியாது. ஆனால் நல்ல தமிழ் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை அங்கே நிறைய இருக்கிறது. கட்டளைச் சொற்களைத் தமிழாக்குவது, தவறான சொல்லைச் சுட்டுவது, பிழை கண்டால் எழுதி அறிவிப்பது ஆகியவையும் மென்பொருள் ஆக்கத்தின் பகுதிகளே. அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவன் இன்று கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறான். ஓய்வு நாட்களில் இத்தகைய தமிழாக்கங்களைச் சரிபார்க்கிறான். சில சொற்களுக்கு என்னிடம் பொருள் கேட்டும் எழுதுகிறான். ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன கூலி வேண்டும்?

எஞ்சிய ஐந்து நாடாக்களும் இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஸாதும் ஸீனும் என் மாணவர்களுக்கு உஸ்தாதின் குரலிலேயே கேட்கின்றன. ஆனால் ரமளான், ரமலான், ரம்ஜான் என்று நாம் மூன்று விதமாக எழுதித் திண்டாடுகிறோமே, அந்த ‘ளாத்’ எழுத்தின் பாடம் கழித்துவிட்ட ஒன்பதில் போயிற்று. அதை என் நாவால்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் சொன்னதுபோல் வருவதில்லை.

உங்கள் வீட்டு நாடாவை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். அதிலுள்ள குரலுக்குரியவர் உயிரோடிருந்தால், இன்னும் ஒரு மணி நேரம் அவர் அருகில் அமர்ந்து பேசச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.