ஆற்றையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், தென்மேற்குப் பருவமழை மலபார் மலைகளில் நிலைகொண்டு, கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரி, திருவம்பாடிப் பக்கத்து ஆறுகளெல்லாம் கரையை முட்டிக்கொண்டு ஓடுகிற சமயத்தில், நம் பத்திரிகைகளில் ஒரே அச்சில் வார்த்த புகைப்படம் ஒன்று வெளியாவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயாக் படகின் மூக்கு நுரையைக் கிழித்துக்கொண்டு மேலெழுகிறது, தலைக்கவசத்துக்குக் கீழே பல்லைக் கடித்த ஒரு முகம், ஓங்கிய துடுப்பு, சுற்றிலும் அந்தரத்தில் உறைந்து நிற்கும் நீர்த்துளிகள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சாலிப்புழாவில் எடுத்ததா, ரிஷிகேசத்துக்கு மேலே கங்கையில் எடுத்ததா, ஐரோப்பாவில் பந்தயத்துக்கென்றே சிமெண்டால் கட்டிய செயற்கை வாய்க்காலில் எடுத்ததா என்று அதைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. படகோட்டி இருக்கிறார், நீர் இருக்கிறது, ஆற்றைக் காணோம். ஆற்றை நீக்கிவிட்டு ஆற்று விளையாட்டைக் காட்டுகிற இந்தச் சம்பிரதாயத்தின் மீதுதான் எனக்கு ஆட்சேபம்.

2013-ஆம் ஆண்டில் ஆரம்பித்து, கேரள சுற்றுலாத் துறையின் ஆதரவோடு நடந்துவருகிற மலபார் ரிவர் ஃபெஸ்டிவல், வயநாட்டு மலைச்சரிவின் அடியில் துஷாரகிரியை ஒட்டிய சாலிப்புழாவிலும், சாலியாற்றின் உபநதியாகிய இருவஞ்ஞிப்புழாவிலும் நடக்கிறது. பல தேசத்துப் படகோட்டிகள் வருகிறார்கள்; வென்றவர்களுக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்று பட்டம் சூட்டுகிறார்கள். கோடையில் பாறைகளுக்கிடையே கால் நனைத்து நடக்கக்கூடிய இந்தச் சிற்றாறுகள், மழைக்காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் வேறொரு சொரூபம் எடுக்கின்றன என்பதுதான் அங்கே பந்தயம் நடப்பதற்கே காரணம்.

கரையில் நிற்பவர்களுக்குத் தோள்பலமாகத் தோன்றுவதில் பெரும்பகுதி நீரைப் படித்தறிகிற ஞானமே. இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் வழுவழுப்பாக ஒரு நாக்குப்போல நீண்டு, அதன் முனை ஆறு ஓடிப்போகிற பக்கத்தைக் காட்டினால், அங்கே வழி உண்டு என்று பொருள். முனை ஆறு வருகிற பக்கத்தைக் காட்டினால், தண்ணீருக்குள் பாறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். பாறையின் பின்புறத்தில் நீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும் ஒதுக்கத்தைப் படகோட்டிகள் ‘எட்டி’ என்கிறார்கள். வேகத்தின் நடுவே மூச்சு வாங்குவதற்கும், அடுத்த பாய்ச்சலை எட்டிப் பார்த்து முடிவெடுப்பதற்கும் அதுதான் அவர்களுக்குத் திண்ணை. பாறையைத் தாண்டி விழுகிற ஜலம் அடியில் பாய்ந்துபோக, மேற்பரப்பு மட்டும் பின்னோக்கிப் புரண்டு விழுகிற இடம் ஒன்றுண்டு. அதில் அகப்பட்ட படகு, ஆறு முழுவதும் கீழே ஓடிக்கொண்டிருக்க, தான் மட்டும் நின்ற இடத்திலேயே உருண்டுகொண்டிருக்கும். நிபுணர்கள் அதைச் சுற்றிப் போவதும், அதிலேயே ஏறி விளையாடுவதும், தூரத்திலிருந்தே அதை இனங்கண்டு கொண்டதனால்தான். இந்த நாக்கையும் எட்டியையும் புரளும் நீரையும் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டால், மிஞ்சுவது ஒருவர் நனைந்துபோன சமாசாரம்தான்.

புகைப்படக்காரர்களின் பிரயாசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மழைக்கு உறை போட்ட கேமராவோடு, வழுக்குப் பாசி படர்ந்த பாறையில், பாய்ச்சலுக்குக் கீழ்ப்புறமாக நின்றால்தான் படகோட்டியின் முகம் கிடைக்கும். மேற்புறத்தில் நின்றால் முதுகுதான். முகமும் எளிதில் கிடைப்பதில்லை. துடுப்பைத் தூக்கும்போது தண்டு கண்ணை மறைக்கும். இடது அலகு நீரில் இறங்கி, வலது தோள் விலகி, அடுத்த திருப்பத்தை நோக்கிக் கண் பாயும் அந்த அரைக்கணத்தில்தான் அவர் எங்கே போக நினைக்கிறார் என்பது தெரியும். அதற்குள் முன்னால் தெறித்த துளிகளில் போய் ஃபோகஸ் உட்கார்ந்துவிடும். துளிகள் துல்லியமாகவும் முகம் கலங்கியும் வந்த படங்கள் எத்தனை குப்பைக்குப் போகின்றன என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஷட்டர் வேகம் என்பது இங்கே வெறும் தொழில்நுணுக்கம் அன்று, அபிப்பிராயம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிற நீர், ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் 5 மில்லிமீட்டரே நகரும். ஆகவே ஒவ்வொரு துளியும் உருண்டு திரண்டு நிற்கும். முப்பதில் ஒரு பங்கு வினாடிக்குத் திறந்துவைத்தால் அதே நீர் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் ஓடிவிடும். படகின் போக்கோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பினால், தலைக்கவசம் ஓரளவு தெளிவாகவும், பிரவாகம் பிரவாகமாகவும் பதியும். இரண்டாவது முறையில் பத்துக்கு ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். எல்லோரும் முதல் முறைக்கே ஓடுவதற்குக் காரணம் அதுதானே ஒழிய, அது உண்மைக்கு அதிகம் நெருங்கியது என்பதனால் அல்ல. கண் ஒருநாளும் அப்படி உறைந்த துளியைக் கண்டதில்லை.

பழங்காலத்தார் இதற்கு நேர்மாறான சங்கடத்தில் இருந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1871-இல் ஆய்வாளர் பாவெல் நடத்திய இரண்டாவது பிரயாணத்தில் துடுப்புப் போடுபவராகச் சேர்ந்து, வழியிலேயே தொழிலைக் கற்றுப் புகைப்படக்காரராக உயர்ந்த ஜாக் ஹில்லர்ஸ், கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்து இருட்டிலேயே அதைக் கழுவி முடிக்க வேண்டியிருந்தது. தகடு மந்தமானது, லென்ஸை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். ஆகவே அக்காலத்துப் படங்களில் வேகநீர் வெண்பனியாய்ப் படிந்திருக்கும். படகு ஓடுகிற நிலையில் அகப்படாது. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கும், பாறை எங்கே, இறக்கம் எவ்வளவு என்பது இருக்கும். பின்னர் கோல்ப் சகோதரர்கள் 1911-இல் புறப்பட்டு அதே ஆற்று வழியில் இறங்கியபோது சினிமா கேமராவையே கொண்டுபோனார்கள். கிராண்ட் கேன்யன் விளிம்பில் இருந்த தங்கள் ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பல பத்தாண்டுக் காலம், எமரி கோல்ப் 1976-இல் காலமாகும் வரையில், பயணிகளுக்குக் காட்டிவந்தார்கள். படகு எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதை ஜனங்கள் பார்க்க விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

இனிக் கணினியில் நடக்கிற செப்பனிடும் வேலை. அதிலும் பெரும்பகுதி நியாயமானதே. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும் சுபாவம் உடையது; சட்டம் நிறைய வெண்ணுரை இருந்தால் படத்தை இருட்டடித்துவிடும். அதை நம்பாமல் வெளிச்சத்தைக் கூட்டினாலோ, நுரையின் நுணுக்கமெல்லாம் வெள்ளைத் திட்டாகிப் போகும், போனது திரும்பாது. ஆகவே விவேகமுள்ளவர்கள் நுரை காப்பாற்றப்படும் அளவுக்கு எடுத்து, மரநிழலில் கறுத்துக் கிடக்கும் முகத்தைப் பிற்பாடு தூக்கிக்கொள்வார்கள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ‘ரா’ கோப்பு 14 பிட் ஆழமுள்ளதாக இருந்தால் ஒளியின் படிகள் 16,384. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256-தான். அந்தச் சேமிப்பு இருப்பதனால்தான் இருட்டிலிருந்து கண்ணை மீட்க முடிகிறது. மேகமூட்டத்தின் நீலச்சாயையைக் கழுவிவிடுவதும் தப்பில்லை. அங்கே நின்றவர் கண்ணுக்கு அந்த நீலம் தெரிந்திராது.

தப்பு ஆரம்பிக்கிற இடங்கள் வேறு. ஜூலை மாதத்து மலபார் ஆறு, மழை வலுத்த நாளில் செம்மண் கரைந்து பழுப்பாக ஓடும். அதை ஆல்ப்ஸ் மலைப் பனிநீர்போல மரகத நிறத்துக்கு மாற்றுகிறவர், மேலே மலையில் என்ன பெய்தது என்று ஆறு சொல்லும் செய்தியை அழித்துவிடுகிறார். மற்றொரு வித்தை, படத்தையே சில பாகை சாய்த்து இறக்கத்தைச் செங்குத்தாக்குவது. கரையிலுள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், மரங்களை வெட்டிவிடுகிறார்கள். கோடரியால் அல்ல, கிராப் என்கிற கருவியால்.

புகைப்பட நேர்மையைக் காக்கிற பெரிய ஸ்தாபனங்கள் சேர்ப்பதையும் அழிப்பதையும்தான் பாபமாகக் கருதுகின்றன. வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015-இல், இறுதிக்கு முந்திய சுற்றுவரை வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அளவுமீறிச் செப்பனிட்டதற்காகத் தள்ளப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், ராய்ட்டர்ஸ் நிறுவனம் தனக்குப் படம் தரும் சுயேச்சைப் புகைப்படக்காரர்களிடம், ‘ரா’ கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா தந்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. இவற்றையெல்லாம் நான் வரவேற்கிறேன். ஆனால் சாய்வையும் நிறத்தையும் காட்டிலும் அதிகமாகச் சேதம் செய்கிற வெட்டுதல், எல்லா விதிகளின்படியும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட காரியமாகவே இருக்கிறது. ஒரு துளியைச் சேர்த்தால் குற்றம், ஓர் ஆற்றையே நீக்கினால் ரசனை! 

வெட்டுப்படுகிறவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபத்தான பாய்ச்சல்களின் கீழே, கையில் கயிற்றுப்பையோடு ஒருவர் பாறையில் நிற்பார். படகு கவிழ்ந்து ஓட்டியவர் நீரில் விடப்பட்டால், பையை வீசி, அதிலிருந்து அவிழ்ந்து ஓடுகிற கயிற்றால் கரைக்கு இழுப்பது அவர் பொறுப்பு. அருகிலுள்ள எட்டியில் காவல் படகு ஒன்றும் காத்திருக்கும். அகன்ற படத்தில் இவர்கள் ஓரத்தில் இருப்பார்கள். அச்சில் வரும்போது இருப்பதில்லை. ஆகவே பல பேர் ஏற்பாட்டில் நடக்கக்கூடிய காரியம், ஒற்றை மனிதரின் தைரியமாகக் காட்சியளிக்கிறது. பார்க்கிற இளைஞரும், தைரியம் ஒன்றுதான் தேவை, அது நம்மிடம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார். அதே இருவஞ்ஞிப்புழாவின் பதங்கயத்தில், பார்ப்பதற்குச் சாந்தமாகத் தோன்றும் நீரில் இறங்கித் திரும்பாதவர்கள் உண்டு. நம் பக்கத்து அருவிகளிலும் தடுப்பணைகளிலும் மழைக்காலந்தோறும் நடப்பதைச் செய்திப் பக்கங்களிலேயே படிக்கிறோம். ஒரு புகைப்படம் ஒருவரை ஆற்றில் தள்ளிவிட்டது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாத படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆற்றைப் படிக்கத் தெரியாது என்கிறேன்.

கைபேசித் திரையில் அகன்ற படம் எடுபடாது, படகு எறும்பளவாகிவிடும் என்று பட ஆசிரியர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். அதற்குப் பரிகாரம் நீளமான லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சற்று உயரமான கரைக்கு ஏறுவதுதான். மேலிருந்து நோக்கினால் பாய்ச்சலின் நாக்கு, அதன் முடிவில் புரளும் நீர், அப்பாலுள்ள எட்டி மூன்றும் ஒரே சட்டத்தில் அடங்கும், சிவப்புப் படகு ஒன்று அவற்றின் நடுவே தானாகவே கண்ணை இழுக்கும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று தொடர்ச்சியாக எடுத்த நான்கு படங்களை வரிசையாகப் போடலாம். கேமராக்கள் வினாடிக்குப் பத்தும் இருபதுமாக எடுத்துத் தள்ளுகிற இந்தக் காலத்தில், அவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அழித்துவிடுவது, கிடைத்த விஷயத்தை வீணாக்குவதே.

படக்குறிப்பில் ஆற்றின் பெயர், இடம், அன்றைய நீரின் நிலை, ஒன்று முதல் ஆறு வரையிலான சர்வதேச அளவுகோலில் அந்தப் பாய்ச்சல் எத்தனாவது படி என்பது ஆகிய நாலு விவரத்தையும் சேர்க்கச் சொல்லிப் புகைப்படக்காரரைக் கேட்பது பெரிய காரியமல்ல. அவர் பந்தய அதிகாரிகளிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும். கயிற்றுப்பைக்காரர் ஓரத்தில் விரல்நகம் அளவே தெரிந்தாலும் அவரை வெட்ட வேண்டாம். நான்கு பத்தி அகலம் தர முடியாவிட்டால் மூன்று பத்தி தரலாம்; ஒற்றைப் பத்தியில் செங்குத்தாக நறுக்கி அடைக்கத்தான் இடம் இருக்கிறதென்றால், அன்றைக்குப் படத்தை நிறுத்திவிட்டு முடிவுகளை மட்டும் எழுத்தில் போடுவது உத்தமம்.