உடைந்த வாகனத்தின் பெறுமதியிலும் உரிமையாளருக்குப் பங்குண்டு

விபத்தில் சேதமடைந்த வாகனத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவு, அதற்குச் செய்யப்பட்ட காப்புறுதித் தொகையோடு ஒப்பிடுகையில் கட்டுப்படியாகாது எனக் காப்புறுதி நிறுவனம் முடிவுசெய்து, திருத்த வேலையை அனுமதிக்காமல் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வதே ‘முழு இழப்பு’ எனப்படுகிறது. கராஜ்களிலும் லீசிங் அலுவலகங்களிலும் அது ‘டோட்டல் லொஸ்’ என்றே வழங்குகிறது. இந்த முடிவை எடுப்பதும், வாகனத்தின் பெறுமதியை நிர்ணயிப்பதும், உடைந்த வாகனத்தை விற்பதும் பொதுவாக ஒரே தரப்பின் கையிலேயே இருக்கின்றன. அந்தக் கணக்கு உரிமையாளருக்கு எழுத்தில் காட்டப்பட வேண்டும் என்பதும், உடைந்த வாகனத்திலிருந்து கிடைக்கும் பணத்தில் அவருக்குரிய பங்கு வழங்கப்பட வேண்டும் என்பதும் இனியும் தள்ளிப்போட முடியாத கோரிக்கைகளாகும்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இது சிறு தொகையினரின் பிரச்சினை அன்று. பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் வரை வரும் ஏ-3 வீதியில் பாலாவியின் சீமெந்து ஆலைக்குச் சென்று திரும்பும் பார ஊர்திகளும், நீண்டதூர பஸ்களும், கற்பிட்டியிலிருந்து மீனை ஏற்றிக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்கு விரையும் கூலர் லொறிகளும், மரக்கறி ஏற்றிய சிறிய ‘பட்டா’ லொறிகளும், முச்சக்கரவண்டிகளும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே பல குடும்பங்களுக்கு வாகனம் என்பது வசதிக்கான பொருளாக இல்லாமல், லீசிங் தவணையில் வாங்கிய தொழில் முதலாகவே இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே உரியது என்பதால், சொந்த வாகனத்தின் சேதத்துக்கு ஈடு வேண்டுமாயின் அதைவிடப் பன்மடங்கு கட்டுப்பணம் செலுத்தி முழுமையான காப்புறுதி பெற வேண்டியுள்ளது. லீசிங் நிறுவனங்கள் அதையே கேட்கின்றன. இத்தனை செலவையும் ஏற்றுக்கொண்டவர் விபத்துக்குப் பின்னர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதே கேள்வி.

இக்கேள்வி இலங்கையில் கூர்மையடைந்ததற்குக் கடந்த சில ஆண்டுகளின் பொருளாதார வரலாறு காரணமாகும். அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1 ஆம் திகதியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவைத் தொட்டது. புதிய வாகனமும் வராது, உதிரிப்பாகத்தின் விலையும் இரட்டிக்கும் என்ற நிலையில், பழைய வாகனங்கள் வாங்கிய விலையைக் காட்டிலும் அதிக விலைக்குக் கைமாறின. ஆனால் காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்ட தொகை தானாக உயர்வதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது முந்தைய ஆண்டின் தொகையே மீண்டும் எழுதப்பட, கட்டுப்பணத்தைச் செலுத்தியவர் தமக்கு முழுப் பாதுகாப்பும் உண்டு என்றே நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை உடைவது ‘சராசரி விதி’ எனும் நிபந்தனையில்தான். வாகனத்தின் சந்தைப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், குறைந்திருக்கும் விகிதத்துக்கு உரிமையாளரும் ஒரு காப்புறுதியாளராகக் கருதப்பட்டு, சேதத்தில் அந்தப் பங்கை அவரே ஏற்க வேண்டும் என்பது இவ்விதியின் பொருள். எடுத்துக்காட்டாக, 80 இலட்சம் ரூபா பெறுமதியான கார் 40 இலட்சத்துக்கே காப்புறுதி செய்யப்பட்டிருக்கையில், விபத்தில் 30 இலட்சம் ரூபாவுக்குத் திருத்த வேலை ஏற்பட்டால், இவ்விதி இடம்பெற்ற பத்திரத்தின்படி நிறுவனம் தரவேண்டியது 15 இலட்சமே. மீதி 15 இலட்சம் உரிமையாளரின் தலையில் விழும். இதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. பாதிப் பெறுமதிக்கே கட்டுப்பணம் பெற்ற நிறுவனத்திடம் முழுச் சேதத்தையும் கேட்பது, முறையாகத் தொகையை உயர்த்திக்கொண்ட ஏனைய வாடிக்கையாளரின் பணத்தில் கைவைப்பதாகும் என்ற வாதமும் நியாயமானதே. கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காகத் தெரிந்தே தொகையைக் குறைத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அதே கார் ‘டோட்டல் லொஸ்’ என அறிவிக்கப்படும்போது தருக்கம் திசைமாறிவிடுகிறது. திருத்தச் செலவான 30 இலட்சம் காரின் உண்மைப் பெறுமதியில் பாதியைக்கூட எட்டாது. காப்புறுதித் தொகையான 40 இலட்சத்தோடு ஒப்பிட்டாலோ அது முக்கால் பங்கு ஆகிவிடுவதால், முழு இழப்பு என்ற முடிவுக்கு இடம் பிறக்கிறது. நிறுவனம் 40 இலட்சத்தை வழங்கி உடைந்த காரைத் தன் வசம் எடுத்து, கேள்விப்பத்திரம் கோரி விற்கிறது. வாகனத் தட்டுப்பாடு நிலவும் சந்தையில் அந்தக் காரை ஒருவர் 32 இலட்சத்துக்கு வாங்கி, 30 இலட்சம் செலவிட்டுத் திருத்தினாலும் அவருக்கு இலாபமே. ஆகவே நிறுவனத்தின் நிகரச் செலவு 8 இலட்சம். காரைத் திருத்திக் கொடுத்திருந்தால் சராசரி விதிக்குப் பிறகும் அதற்கு 15 இலட்சம் செலவாகியிருக்கும். 80 இலட்சம் பெறுமதியான காரை இழந்தவர் 40 இலட்சத்துடன் வீடு திரும்புகிறார். உடைந்த காரை அவரிடமே விட்டுவிட்டு, அதன் ‘எச்சப் பெறுமதி’, அதாவது உடைந்த நிலையில் அது பெறக்கூடிய விலை, எனச் சொல்லி 32 இலட்சத்தைக் கழித்துக்கொண்டு 8 இலட்சத்தைக் கொடுத்தாலும் கணக்கு இதுவேதான்.

இங்கு கேட்கப்பட வேண்டியது ஒன்றுண்டு. சேதத்தைப் பங்கிடும்போது பாதிக்கு உரிமையாளரே காப்புறுதியாளர் எனச் சொல்லப்படுமாயின், எஞ்சியதை விற்கும்போது அந்தப் பாதி எங்கே போயிற்று? இக்கோட்பாட்டின் தாயகமான கடல்சார் காப்புறுதியில், 1906 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடல்சார் காப்புறுதிச் சட்டத்தின் 81 ஆம் பிரிவு, குறைத்துக் காப்புறுதி செய்தவர் எஞ்சிய பகுதிக்குத் தாமே காப்புறுதியாளராகக் கருதப்படுவார் எனத் தெளிவாகக் கூறுகிறது. காப்புறுதியாளர் என்ற பாரத்தை ஒருவர் மீது சுமத்தினால், காப்புறுதியாளருக்குரிய வரவையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் உண்மையான இழப்பு 80 இலட்சத்தில் 32 இலட்சம் போக 48 இலட்சம். பாதிக்குக் கட்டுப்பணம் பெற்ற நிறுவனம் அதில் பாதியான 24 இலட்சத்தை நிகரமாக ஏற்க, அது வழங்கும் 40 இலட்சத்தோடு உடைந்த கார் விற்ற பணத்தில் பாதியான 16 இலட்சமும் உரிமையாளருக்குச் சேர்ந்து, அவர் கைக்கு 56 இலட்சம் வந்திருக்க வேண்டும். நட்டஈட்டுக் கோட்பாடு, அதாவது இழந்தவரை இழப்புக்கு முந்தைய நிலைக்கு அவர் செய்த காப்புறுதியின் அளவுக்கு மீட்டுக்கொடுப்பது, கேட்பது இதையே. இலாபம் ஈட்டக் காப்புறுதியைப் பயன்படுத்தக் கூடாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் அக்கோட்பாடு நிறுவனங்களையும் கட்டுப்படுத்த வேண்டும்.

மறுபுறத்திலும் உரிமையாளருக்கு இலகு இல்லை. தொகையை உயர்த்தி, அதற்கேற்ற கட்டுப்பணத்தையும் செலுத்திய பின்னர் சந்தை விலை இறங்கினால், பத்திரத்தில் எழுதப்பட்ட தொகை வழங்கப்படுவதில்லை. விபத்து நடந்த நாளின் சந்தைப் பெறுமதியே வழங்கப்படும். விலை ஏறினால் பத்திரத்தின் தொகை, இறங்கினால் சந்தையின் தொகை, எது குறைவோ அதுவே கைக்கு வரும் என்பது பெரும்பாலான பத்திரங்களின் சாரம்.

புத்தளம் போன்ற பிரதேசத்தில் காலதாமதமும் ஓர் இழப்பாகும். பாரதூரமான விபத்தில் சிக்கிய வாகனம் பொலிஸ் நிலைய வளவில் பரிசோதனைக்காக நிறுத்தப்படுகிறது. அதன் பின்னர் கராஜ் முற்றத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மதிப்பீட்டாளரின் வருகைக்கும் உதிரிப்பாக விலைப்பட்டியலுக்கும் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பின் பதிலுக்கும் காத்திருக்கிறது. உப்பளங்களும் களப்பும் சூழ்ந்த ஊரில், நொறுங்கிய முன்கண்ணாடி வழியே உப்புக்காற்று புகுந்த வண்டியில், வர்ணம் உரிந்த இடமெல்லாம் சில வாரங்களிலேயே துருப் படர்ந்து, வயர் முனைகள் பச்சை பூத்து, திருத்தக்கூடியதாயிருந்த பாகமும் திருத்த முடியாததாகிவிடுகிறது. அந்தத் துருவையும் சேர்த்துக் கணக்கிட்டு ‘டோட்டல் லொஸ்’ எனத் தீர்மானிப்பது நியாயமாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களுக்கும் இதே நிலைதான். வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டுப்பணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதையே பலர் அப்போதுதான் அறிந்திருப்பர்.

லீசிங்கில் வாங்கிய வாகனமாயின் பாரம் இன்னும் கூடுகிறது. பதிவுச் சான்றிதழில் ‘முழுமையான உரிமையாளர்’ எனக் குறிக்கப்படுவது நிதி நிறுவனமே என்பதால் காப்புறுதிப் பணம் முதலில் அதற்கே செல்கிறது. பேச்சுவார்த்தை நீளும் மாதங்களில் தவணையும், தவறினால் தண்ட வட்டியும் ஏறிக்கொண்டே போகின்றன. மீன் ஏற்றி உழைத்த லொறி கராஜில் கிடக்க, உழைப்பு நின்றுபோன குடும்பம் இல்லாத வாகனத்துக்குத் தவணை செலுத்துகிறது. இந்த நெருக்கடியில் நீட்டப்படும் விடுவிப்புப் பத்திரத்தில், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பினும், உரிமையாளர் கையொப்பம் இடுவதில் வியப்பில்லை. அந்தக் கையொப்பத்தைச் சம்மதம் எனக் கொள்வது கடினம்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இந்தியாவில், காரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து ஒரு தொகை பத்திரம் எழுதும்போதே அறிவிக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கு 5 சதவீதம், நான்கு முதல் ஐந்து ஆண்டு வரையானதற்கு 50 சதவீதம் எனப் படிநிலை உண்டு. திருத்தச் செலவு அத்தொகையின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. அவ்வாறாயின் அந்தப் பத்திர ஆண்டுக்குள் மேலும் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. வாகனம் ஓட்டுபவருக்கு எல்லை எது என்பது முன்கூட்டியே தெரியும் என்பதே அதன் சிறப்பு. பிரித்தானியாவில் நிதி நடத்தை அதிகாரசபை, வாழ்க்கைச் செலவு நெருக்கடியின்போது, 2022 டிசம்பரில், கார்களைக் குறைத்து மதிப்பிட்டுத் தீர்வு வழங்கக் கூடாது எனக் காப்புறுதி நிறுவனங்களைப் பகிரங்கமாக எச்சரித்தது. அதே நாட்டில் முழு இழப்பான வாகனங்கள் கட்டமைப்புச் சேதம் உள்ளவை, இல்லாதவை என்றெல்லாம் வகைப்படுத்திப் பதியப்படுவதால், பின்னர் அவற்றை வாங்குபவரும் ஏமாறுவதில்லை. இங்கும் அவ்வாறான குறிப்பு பதிவுப் புத்தகத்தில் ஏறுமாயின், உடைந்த இரு வாகனங்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கி விற்கும் ஆபத்தான வியாபாரத்துக்கு முட்டுக்கட்டை விழும்.

இலங்கைக்கு இதற்கான நிறுவனம் புதிதாகத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் உருவாகிய இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, காப்புறுதிதாரரின் நலனைப் பாதுகாப்பதையே தன் நோக்கமாகக் கொண்டது. நிறுவனங்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியின் அலுவலகமும் 2005 முதல் கட்டணமின்றி முறைப்பாடுகளை விசாரித்து வருகிறது. ஆனால் கணக்கே தெரியாதவர் எதை வைத்து முறையிடுவார்?

ஆகவே ஆணைக்குழு பின்வரும் கடப்பாடுகளை நிறுவனங்கள் மீது விதிக்க வேண்டும். புதுப்பித்தல் கடிதத்தில் வாகனத்தின் அன்றைய சந்தைப் பெறுமதியையும் குறைவாகக் காப்புறுதி செய்வதன் விளைவையும் தமிழிலோ சிங்களத்திலோ உரிமையாளர் வாசிக்கும் மொழியில் அறிவிக்காத நிறுவனம், சராசரி விதியைப் பின்னர் அவர் மீது பிரயோகிக்க முடியாது என்றாக வேண்டும். முழு இழப்பு எனத் தீர்மானித்தால் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, சந்தைப் பெறுமதிக்கான ஆதாரம், உடைந்த வாகனத்துக்குக் கிடைத்த கேள்வித் தொகைகள் ஆகியன விடுவிப்புப் பத்திரத்துக்கு முன்னரே உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். தீர்வுக்குக் காலவரையறை வகுத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு மாதத்தின் லீசிங் வட்டியையும் தாமதித்த நிறுவனமே ஏற்க வேண்டும். குறைத்துக் காப்புறுதி செய்யப்பட்ட வாகனமாயின், அது விற்கப்படும் தொகை அதே விகிதத்தில் பங்கிடப்பட வேண்டும்.

ஆணைக்குழு இதற்கான பணிப்புரையை அடுத்த புதுப்பித்தல் ஆண்டு தொடங்குவதற்குள் வெளியிட வேண்டும். அதுவரை, முழு இழப்பு எனக் கடிதம் கிடைத்த உரிமையாளர் எவரும் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேட்டுப் பெறாமல் விடுவிப்புப் பத்திரத்தில் கையொப்பம் இடாதிருப்பாராக.