மன்னிப்பின் உறுதி



2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த மக்கள், உயிரோடு ஒரு வினாவையும் சுமந்து வந்தார்கள். காயமுற்ற தாயைப் பதுங்குகுழியில் விட்டுவர நேர்ந்தவர்களும், இறந்த குழந்தையை அடக்கம் செய்ய இயலாது நடந்தவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் மே 18ஆந் திகதி சுடர் ஏற்றும் வேளையில் அவ்வினா மீண்டும் எழுகின்றது: இறைவன் என்னை மன்னித்துவிட்டாரா?

விடை தேடுமுன் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். துயரம் வேறு, பாவம் வேறு. முழு அறிவும் முழுமனச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்பது திருச்சபையின் போதனை. எறிகணைகளின் நடுவே வேறு வழியின்றி நின்றவரை இன்று வருத்துவது பெரும்பாலும் குற்றமன்று. அன்பு செய்தவரை இழந்த வேதனையே. அதற்குத் தேவை ஆறுதல்.

ஆயினும் உண்மையான பாவங்களும் நிகழ்ந்தன. பசித்தவரிடம் கொள்ளை விலை வாங்கியோர் உண்டு. அயலவரின் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தோர் உண்டு. இவற்றை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்ட பின்னரும் அமைதி காணாது தவிப்போர் பலர். அவர்கள் மன்னிப்பைத் தம் மனநிலை கொண்டு அளக்கிறார்கள். நம் இதயம் நம்மைக் குற்றவாளி எனத் தீர்த்தாலும், இறைவன் நம் இதயத்திலும் மேலானவர் என்று யோவான் தம் முதல் திருமுகத்தில் கற்பிக்கிறார். நம் உறுதிக்கு அடித்தளம் நமது உணர்வன்று. அவர் தந்த வாக்கே.

பேதுருவை எண்ணிப் பாருங்கள். கரியடுப்பு நெருப்பின் அருகே நின்று ஆண்டவரை மும்முறை மறுதலித்தவர் அவர். உயிர்த்த ஆண்டவரோ, திபேரியாக் கடற்கரையில் மற்றொரு கரிநெருப்பின் அருகே அவருக்கு உணவளித்து, தம்மை அன்பு செய்கிறாயா என மும்முறை வினவினார். பின்னர் தம் மந்தையை அவர் கையில் ஒப்படைத்தார். தவறிய மீனவனை மீண்டும் நம்பிப் பொறுப்பளித்ததே அவர் அளித்த மன்னிப்பு. கடலை நம்பி வாழும் முல்லைத்தீவு மக்களுக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

இங்கு வேறொரு வினாவும் உண்டு. இறைவன் மன்னிக்கிறார், எனவே நடந்ததை மறந்துவிடுங்கள் என்று பாதிக்கப்பட்டவரிடமே அறிவுரை கூறப்படுகின்றது. இது நற்செய்தியன்று. மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் திருச்சபை கேட்கின்றது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும், அப்பாவம் விளைவித்த தீங்கைச் சீர்செய்யும் கடமை எஞ்சி நிற்கிறது என மறைக்கல்வி ஏடு (எண் 1459) போதிக்கின்றது. மோசடியாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்த சக்கேயுவின் வீட்டுக்கே மீட்பு வந்தது.

2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்கள் திரும்பி வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இல் முல்லைத்தீவு வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. தம் பிள்ளைக்கு நேர்ந்ததை அறிய விரும்பும் தாயை, மன்னிக்க மறுப்பவள் எனக் கருதுவது அநீதி. உண்மையை வேண்டுவது வெறுப்பன்று. ஒப்புரவின் வாயில் உண்மையே.

ஆகவே அன்பர்களே, பாவத்தை அறிக்கையிட்டு மனம் வருந்தியவர் இனித் தம்மைத் தாமே தண்டிக்க வேண்டாம். குருவின் வாய்வழி நீங்கள் கேட்டது கிறிஸ்துவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு இல்லை. செய்ததையோ கண்டதையோ இன்னும் மறைத்து வைத்திருப்போர்க்கும் அவ்வாயில் திறந்தே உள்ளது. அவர்கள் பேசட்டும். அவர்களுடைய ஒரு சொல், ஒரு தாயின் நீண்ட காத்திருப்புக்கு விடையாகலாம். அதுவே அவர்களின் பரிகாரமுமாகும்.