கிழிந்த சக்கரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

பிள்ளைகளே படியுங்கள். சொந்தக்காரர்களும் படியுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மட்டுமாவது போடுங்கள்.

மூன்று நாளில் ஒரே படம் ஐந்து பேர் மூலமாக எனக்கு வந்துவிட்டது. செவ்வாயில் இருக்கும் கியூரியாசிட்டி வண்டியின் சக்கரம். தகரம் கிழிந்த மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. மேலே பெரிய எழுத்தில்: "250 கோடி டாலர் வண்டிக்குத் தகர டப்பா சக்கரம். நம்ம பிரக்யான் சக்கரத்துல ஒரு கீறல் உண்டா?" கீழே சிரிக்கும் பொம்மைகள், கொடிகள். பங்காளிகள் குழுவில் வந்தபோது விட்டுவிட்டேன். பழைய மாணவர்கள் குழுவிலும் வந்ததே, அதைத்தான் விட முடியவில்லை. அதற்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் குருபரப்பள்ளி சிப்காட்டிலும் ஓசூரிலும் பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், க்வாலிட்டி என்று வேலை பார்க்கிறவர்கள். இரும்பையும் அலுமினியத்தையும் தினம் கையால் தொடுகிறவர்கள். உங்களுக்கு உலோகம் ஏன் உடைகிறது என்று நான் நடத்தியிருக்கிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலாவில் இறங்கியது. அதன் வயிற்றிலிருந்து வந்த பிரக்யான் 26 கிலோ. வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். செப்டம்பர் 2 அன்று அதைத் தூங்க வைத்தபோது ஓடியிருந்த தூரம் சுமார் 100 மீட்டர். நிலாவின் ஒரு பகல், அதாவது நமக்கு 14 நாள், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட வண்டி அது. முடித்தது. மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது, அதில் யாருக்கும் நான் குறைந்தவன் இல்லை.

கியூரியாசிட்டி 899 கிலோ. 2012 ஆகஸ்டில் இறங்கியது. ஒரு செவ்வாய் ஆண்டு, நம் கணக்கில் 687 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். 13 வருடத்தைத் தாண்டியும் ஓடுகிறது. 35 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. நம் ஊரிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் தூரம். அதுவும் ரோடு இல்லாமல், பாறை மேல், பஞ்சர் ஒட்ட ஆள் இல்லாமல். பஸ் ஸ்டாப்பிலிருந்து டீக்கடைக்குப் போய் வந்தவன், ஓசூர் வரை நடந்தவனின் செருப்பைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இன்னொன்று. படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்த ஓட்டைகளில் ஒன்று ஓட்டையே இல்லை. வரிசையாக, சதுரமாக, வெட்டினாற்போல் இருக்கிறது பாருங்கள், அவை வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள். மோர்ஸ் குறியில் ஜே.பி.எல். என்ற எழுத்துகள். மண்ணில் விழும் அந்தத் தடத்தை வைத்து வண்டி எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு வழுக்கியது என்று அளக்கிறார்கள். க்வாலிட்டியில் இருக்கிறவன் டிராயிங் பார்க்காமல் ரிஜெக்‌ஷன் முத்திரை குத்துவானா?

சரி, மற்ற ஓட்டைகள் நிஜம். "கனமாப் போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையே மாமா" என்று என் தங்கை மகன் எழுதியிருந்தான். நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். சக்கரத்தின் விட்டம் சுமார் 50 செ.மீ., அகலம் 40 செ.மீ. ஒவ்வொன்றும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தது. தோலின் தடிமன் 0.75 மில்லிமீட்டர். இதில் 1 மி.மீ. கூட்டுவோம். சுற்றளவு 157 செ.மீ. அகலத்தால் பெருக்கினால் 6280 சதுர செ.மீ. தடிமன் 0.1 செ.மீ., ஆக 628 கன செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஒரு சக்கரத்துக்கு 1.7 கிலோ, ஆறுக்கும் சேர்த்து 10 கிலோ. அந்த வண்டி சுமந்து போன ஆராய்ச்சிக் கருவிகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 75 கிலோ. 10 கிலோவை எதிலிருந்து கழிக்கச் சொல்கிறாய் மருமகனே? கருவியைக் கழித்தால் சக்கரம் பத்திரமாக இருக்கும், ஆனால் போன வேலை நடக்காது. அது மட்டுமில்லை. அந்த வண்டியை ராக்கெட் எந்திரம் மேலே நின்று கயிற்றில் கட்டி இறக்கியது. தரையை முதலில் தொட்டது சக்கரங்கள்தான். அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் காலிலும், கயிற்றிலும், மோட்டாரிலும் பதில் சொல்ல வேண்டும்.

நம் மாட்டுவண்டியில் இந்தத் தொல்லை இல்லை. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம், வெளியே இரும்புப் பட்டா. தேய்வதெல்லாம் பட்டாவில் தேயட்டும் என்று விட்டிருந்தார்கள். தேய்ந்தால் கொல்லர் பழுக்கக் காய்ச்சி வேறு மாட்டுவார், வட்டை பிழைக்கும். நெடுஞ்சாலையில் லாரி டயருக்கு ரீட்ரெட் போடுகிறார்களே, அதே யோசனை. செவ்வாயில் கொல்லர் கிடையாது. எது தேயலாம், எவ்வளவு தேயலாம் என்பதை இங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அப்படியானால் அவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள்? தரையைக் கணித்ததில். 2005-இல் ஆப்பர்ச்சூனிட்டி ஒரு மணல் மேட்டில் புதைந்து ஐந்து வாரத்துக்கு மேல் நின்றது. மணலில் புதைவதுதான் அன்றைக்குப் பெரிய பயம். அகலமான, லேசான சக்கரம் அதற்கு நல்லது. போய் இறங்கிய இடத்தில் இருந்ததோ காற்று தீட்டிக் கூராக்கிய கல், அதுவும் தரையோடு இறுகிப் போனது. நம் மானாவாரிக் காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கிடக்கிற கல் சக்கரம் பட்டால் நகர்ந்துவிடும், தலை நீட்டும் பாறை நகராது. அதிலும் ஆறு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றின. ஒன்று கல்லின் மேல் ஏறும்போது அதற்குத் தூரம் அதிகம், மற்றவை காத்திருக்காமல் அதைக் கல்லோடு சேர்த்து நெட்டித் தள்ளும். இப்படிக் குத்துப்பட்டது ஒரு வகை ஓட்டை. இன்னொரு வகை, தோல் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, வளைவு முனைகளில் விரிசல் விட்டுக் கிழிந்தது. வகுப்பில் கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைத்துக் காட்டுவேனே, அதேதான்.

2013-இல் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கிழிகிறது என்று தெரிந்தது. பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அதன் கையில் இருக்கும் கேமராவால் சக்கரத்தைச் சுற்றிலும் படம் எடுத்தார்கள். பூமியில் அதே போன்ற சக்கரத்தை உடையும் வரை ஓட்டிப் பார்த்தார்கள். கூர்ங்கல் இல்லாத வழியாகப் பாதையை மாற்றினார்கள், சில இடங்களில் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். 2017-இல் ஒவ்வொரு சக்கரமும் தன் கீழிருக்கும் தரைக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் மென்பொருளை அனுப்பினார்கள். அதே ஆண்டு சக்கரத்தின் 19 குறுக்கு வரப்புகளில் இரண்டு ஒடிந்ததைப் பார்த்தபோது, மூன்று ஒடிந்தால் அந்தச் சக்கரம் ஆயுளில் 60 சதவீதம் முடித்ததாகக் கணக்கு என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸுக்குத் தோலைத் தடிமனாக்கினார்கள், அகலத்தைக் குறைத்தார்கள், வரப்புகளை 48 ஆக்கி லேசான வளைவு கொடுத்தார்கள். மருமகன் கேட்ட கனம் அங்கே வந்துவிட்டது. எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை அந்தக் கிழிந்த சக்கரம் சொல்லிக் கொடுத்த பிறகு வந்தது.

நீங்கள் கேலிக்கு எடுத்த படம் திருட்டுப் படம் இல்லை. எடுத்தவர்களே உலகத்துக்கு விரித்து வைத்த படம். தன் சட்டைக் கிழிசலைத் தானே காட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம் பக்கம் எப்படி? 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 தரையில் மோதியது. குழு போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள். முழு அறிக்கை நம் கைக்கு வரவில்லை. 2023-இல் அடுத்தது கிளம்பும் சமயத்தில்தான் சோம்நாத் விளக்கமாகப் பேசினார்: என்ஜின்கள் நினைத்ததைவிட அதிகம் உந்தின, பிழைகள் சேர்ந்தன, இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான் என்று. புதிய திட்டத்தில் அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. எதெல்லாம் கெட்டுப் போகும் என்று யோசித்து வடிவமைத்தோம் என்றார். எவ்வளவு நல்ல பாடம்! நான்கு வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பாலிடெக்னிக் பிள்ளைகள் படித்திருப்பார்கள்.

நம்மிடம் பெருமைப்பட வேண்டியதும் இருக்கிறது, அதை ஒருவரும் சரியாகப் பகிரவில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை. அங்குள்ள அனார்த்தசைட் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறைக்கு ஒத்தது. அதைப் பொடித்த மண் சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. கண்டுபிடித்து உதவியவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர். பெங்களூரில் அதைப் பரப்பி, சக்கரம் புதைகிறதா, வழுக்குகிறதா என்று ஓட்டிப் பார்த்தார்கள். சேலத்திலிருந்து பெங்களூருக்கு லாரி வேறு எந்த வழியாகப் போகும்? நம் ஊர் நெடுஞ்சாலையில் நம் கண் முன்னால்தான் போயிருக்கும். குழுவில் வந்தது "நிலாவிலும் தமிழ் மண்" என்ற ஒரு வரி மட்டும். போகிற இடத்தின் தரையை முன்கூட்டியே இங்கே கொண்டுவந்து சோதித்தார்கள் என்ற விஷயம் யாருக்கும் உறைக்கவில்லை. கியூரியாசிட்டியில் தவறியது சரியாக அந்த இடம்தான்.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், என் மாணவன் ஒருவன் சொன்னது மனசில் இருக்கிறது. ஒரு உதிரிபாகக் கம்பெனி, பெயர் வேண்டாம். எண்டியூரன்ஸ் சோதனையில் ஒரு பாகத்தில் மயிரிழை விரிசலைப் பார்த்துப் படம் எடுத்து மேலே காட்டியிருக்கிறான். "சைக்கிள் கணக்கு முடிஞ்சுதா? முடிஞ்சா பாஸ்னு எழுது, போட்டோவை அழி" என்று பதில். மறு வாரம் அவனை நைட் ஷிப்டில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கு முடிந்தது என்பதும் உண்மை, விரிசல் என்பதும் உண்மை. இரண்டையும் எழுத இடம் இல்லாத தாளில் ஒன்றை மட்டும் எழுதச் சொன்னார்கள். அந்தக் கிழிந்த சக்கரப் படத்துக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் அவனும் இருக்கிறான். எனக்கு வருத்தம் அங்கேதான்.

2025 மார்ச்சில் சந்திரயான்-5 திட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஜப்பானோடு சேர்ந்து செய்வது. இந்த முறை வண்டி 250 கிலோ என்று இஸ்ரோ தலைவர் நாராயணன் சொன்னார். பிரக்யானைப் போல ஏறத்தாழ 10 மடங்கு. அது உண்மையிலேயே தேயும் அளவுக்கு ஓட வேண்டும் என்பது என் ஆசை. தேய்ந்தால் படம் எடுத்துப் போட வேண்டும், சோதனையில் உடைந்ததையும் போட வேண்டும். வரிப்பணம் கட்டுகிற நாம் அதைக் கேட்கலாம். கேட்கும் தகுதி வேண்டுமென்றால் அடுத்தவன் போட்ட படத்துக்குச் சிரிப்புப் பொம்மை போடுவதை நிறுத்தணும்.

படத்தைப் போட்ட தம்பி, அழிக்க வேண்டாம். இந்தப் பதிவை அதன் கீழேயே ஒட்டிவிடு.

இப்போது கணக்கு. அதே சக்கரத்துக்கு அலுமினியத்தில் இல்லாமல் எஃகில் 1 மி.மீ. தோல் கூட்டினால் ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து எத்தனை கிலோ? எஃகின் அடர்த்தி 7.8. விடையைக் கமெண்டில் படிகளோடு எழுதுங்கள். கால்குலேட்டர் கூடாது. மருமகன் முதலில்.