12 டெஸ்ட், ஒரு தோல்விகூட இல்லை... ஆனாலும் பவுமாவை ஏன் ‘கோட்டா கேப்டன்’ என்கிறார்கள்?

கவுகாத்தியில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்ற அன்று, நம்ம டைம்லைன் முழுக்க கம்பீர் பற்றிய சண்டைதான். பேட்டிங் ஆர்டர் சரியா, பிட்ச் யார் கேட்டது, கோலியும் ரோஹித்தும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. ரன் கணக்கில் இந்தியா சந்தித்த மிகப்பெரிய டெஸ்ட் தோல்வி அது என்பதால் கோபம் நியாயம்தான். ஆனா, இந்த சத்தத்தில் தொடரை ஜெயித்த கேப்டனைப் பற்றி யாரும் பெருசா பேசவே இல்லை.

தென்னாப்பிரிக்கா இந்திய மண்ணில் டெஸ்ட் தொடரை வென்றது 25 ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான். கடைசியாக வென்றது 2000-ல், ஹன்சி குரோனியே தலைமையில். 2025 நவம்பரில் அதைச் செய்து காட்டிய டெம்பா பவுமா, கேப்டனாக ஆடிய முதல் 12 டெஸ்ட்களில் 11-ல் வெற்றி, ஒன்றில் டிரா. தோல்வி பூஜ்ஜியம். டெஸ்ட் வரலாற்றில் வேறு எந்த கேப்டனுக்கும் இப்படி ஒரு தொடக்கம் அமையவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் பெயரை சர்ச் பண்ணினால் முதலில் வருவது மீம்தான். உயரத்தைக் கிண்டல் செய்யும் மீம், 2023 உலகக் கோப்பைக்கு முன் நடந்த கேப்டன்கள் சந்திப்பில் தூங்குவதுபோலத் தெரிந்த அந்த போட்டோ (கேமரா ஆங்கிள்தான் காரணம் என்று அவரே சிரித்துக்கொண்டு பதில் போட்டார்), அப்புறம் அந்த ஒரு வார்த்தை. ‘கோட்டா’. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அவர் கேப்டன்சியின் கனம் புரியும்.

அந்த ‘கோட்டா’ உண்மையில் என்ன?

நிறவெறி அரசின் காரணமாக 1970 முதல் 1991 வரை தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்த பிறகும் அணியின் முகம் உடனே மாறவில்லை. மக்கள்தொகையில் சுமார் 80 சதவீதம் கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இருக்கும் நாட்டில், முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரரான மகாயா நிதினி களமிறங்கியது 1998-ல்.

இதை மாற்றத்தான் இலக்குகள் வந்தன. 2016-ல் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் அறிவித்த விதிப்படி, ஒரு சீசனின் சராசரியாக, ஆடும் 11 பேரில் குறைந்தது 6 பேர் வெள்ளையர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும். அந்த ஆறில் குறைந்தது 2 பேர் கறுப்பின ஆப்பிரிக்கர்கள். கவனிங்க, இது சீசன் சராசரி. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கணக்குப் பார்த்து ஆள் நிரப்பும் விதி அல்ல.

பவுமா டெஸ்ட்டில் அறிமுகமானது 2014 டிசம்பரில், அதாவது இந்த அறிவிப்புக்கு முன்னாடியே. அதற்கு முன்பு எழுதப்படாத எதிர்பார்ப்புகள் இருந்தன என்பது வேறு விஷயம். 2016 ஜனவரியில் கேப்டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த 102*, ஒரு கறுப்பின ஆப்பிரிக்கர் தென்னாப்பிரிக்காவுக்காக அடித்த முதல் டெஸ்ட் சதம்.

அடுத்த சதத்துக்கு ஏழு வருஷம் ஆனது. 2016-லிருந்து 2023 மார்ச் வரை, அரைசதங்கள் வந்தன, முக்கியமான இன்னிங்ஸ்கள் வந்தன, மூன்று இலக்கம் மட்டும் வரவில்லை. வேறு ஒரு பேட்டருக்கு இது நடந்திருந்தால் ‘ஃபார்ம் அவுட்’ என்று சொல்லியிருப்பார்கள். பவுமாவுக்கு ‘கோட்டா’ என்று சொன்னார்கள். வித்தியாசம் இங்கேதான். ஒருவர் சரியாக ஆடாதபோது அவர் ஆட்டத்தைக் குறை சொல்வது விமர்சனம். அவர் அங்கே நிற்கவே தகுதி இல்லாதவர் என்று சொல்வது வேற மாதிரி. நம்ம ஊர்ல ‘மெரிட்’ பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

லாங்காவின் ‘லார்ட்ஸ்’

கேப்டவுனை ஒட்டிய லாங்கா, நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. 1990-ல் பவுமா பிறந்தது அங்கேதான். அவர்கள் கிரிக்கெட் ஆடிய தெருவில் ஒரு பக்கம் தார் சரியாகப் போடாததால் பந்து கண்டபடி எகிறும். அந்தப் பக்கத்துக்குப் பசங்க வைத்த பெயர் கராச்சி. இன்னொரு பக்கம் மெல்போர்ன். இருப்பதிலேயே நன்றாகத் தெரிந்த பகுதிக்குப் பெயர் லார்ட்ஸ். பவுமாவே சொன்ன கதை இது. பிறகு பெரிய பள்ளியில் படிக்க வாய்ப்பு, குடும்பம் ஜோகன்னஸ்பர்க்கு இடம்பெயர்ந்தது, அங்கிருந்து லயன்ஸ் அணி என்று பாதை போனது.

கேப்டன்சி வந்த விதம் அவ்வளவு அழகா இல்லை. 2021 மார்ச்சில் ஒருநாள், டி20 அணிகளுக்கு கேப்டன் ஆனார். தென்னாப்பிரிக்க ஆண்கள் அணியின் முதல் நிரந்தர கறுப்பின ஆப்பிரிக்க கேப்டன். அந்த வருஷம்தான் அங்கே கிரிக்கெட்டில் நிறபேதம் பற்றிய விசாரணை நடந்தது. முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து பழைய காயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தலைவர் இவர்.

துபாயில் ஒரு செவ்வாய்க்கிழமை

2021 அக்டோபர் 26, டி20 உலகக் கோப்பை, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான மேட்ச். நிறவெறிக்கு எதிராக எல்லா வீரர்களும் முழங்காலிட வேண்டும் என்று வாரியம் மேட்ச் அன்று காலையில் உத்தரவு போட்டது. குயின்டன் டி காக் மேட்ச்சிலிருந்தே விலகிவிட்டார். டாஸில் காரணம் சொல்ல வேண்டியவர், மேட்ச் முடிந்து உலக மீடியா முன் உட்கார வேண்டியவர், இரண்டுமே பவுமா.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கறுப்பின கேப்டன். தன் மக்களுக்கு ஆதரவான ஒரு சின்ன சைகையைச் செய்ய மறுத்து அணியின் ஸ்டார் வீரர் வெளியேறுகிறார். கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. அவர் சொன்னதன் சாரம்: அவர் ஒரு பெரிய மனுஷன், முடிவு அவருடையது, அதை மதிக்கிறோம். மற்றவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதைச் சொல்லும்போது குரல்கூட உயரவில்லை. அன்று தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. இரண்டு நாளில் டி காக் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார், அதில் பவுமாவின் தலைமையைப் பாராட்டியிருந்தார். அடுத்த மேட்ச்சில் அவரும் முழங்காலிட்டார்.

என்னைக் கேட்டால், பவுமாவின் கேப்டன்சியில் முதல் பெரிய வெற்றி இதுதான். ஸ்கோர்கார்டில் மட்டும் இருக்காது.

விமர்சனத்தில் நியாயமும் உண்டு

டி20-யில் அவர் பேட்டிங் வேகம் போதவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. 2022-ல் எஸ்ஏ20 லீக்கின் முதல் ஏலத்தில், நாட்டின் டி20 கேப்டனான அவரை எந்த அணியும் வாங்கவில்லை. அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையில் ஜெயித்தால் அரையிறுதி என்ற நிலையில் நெதர்லாந்திடம் தோற்றார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2023 ஒருநாள் உலகக் கோப்பையில் அணி அரையிறுதி வரை போனது, ஆனால் கேப்டனிடமிருந்து ஒரு அரைசதம்கூட வரவில்லை. முழு ஃபிட்னஸ் இல்லாமல் ஆடிய அரையிறுதியில் டக் அவுட்.

வெள்ளைப் பந்தில் அவர் சுமார் என்றால் அது விவாதம். அதை வைத்துக்கொண்டு டெஸ்ட் கேப்டன்சியையும் ‘சும்மா கிடைச்சது’ என்பதுதான் இடிக்குது. 2023 பிப்ரவரியில் பயிற்சியாளர் ஷுக்ரி கான்ராட், டீன் எல்கரிடமிருந்து டெஸ்ட் கேப்டன்சியை எடுத்து பவுமாவிடம் கொடுத்தார். அடுத்த மாதமே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 172. ஏழு வருஷக் காத்திருப்பு முடிந்தது. அவரது நான்கு டெஸ்ட் சதங்களில் மூன்று கேப்டனான பிறகு வந்தவை. கேப்டனாக அவர் பேட்டிங் சராசரி 50-க்கு மேல். பொறுப்பு தலையில் ஏறியதும் பேட்டிங் இறங்கிப்போன கேப்டன்கள் எத்தனையோ பேர். இவருக்கு உல்டா.

லார்ட்ஸ் ஃபைனல் நினைவிருக்கா?

2025 ஜூன், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. அதுவரை வந்த குற்றச்சாட்டு, ஈஸியான அணிகளை ஜெயித்து வந்துட்டாங்க என்பது. அந்தச் சுற்றில் ஆஸ்திரேலியாவோடும் இங்கிலாந்தோடும் அவர்களுக்குத் தொடரே இல்லை என்பதால் இதை முழுசா தள்ளிவிட முடியாது. அட்டவணையை பவுமா போடவில்லை என்பதும் உண்மை.

இலக்கு 282. ஸ்கோர் 70/2 இருக்கும்போது உள்ளே வந்த பவுமாவுக்கு, கொஞ்ச நேரத்தில் தொடைத் தசை இழுத்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில், அவர் தொடர்வதா, வேறு பேட்டரை அனுப்புவதா என்று அறைக்குள் விவாதம். நொண்டிக்கொண்டே ஓடினால் ரன் தடைபடும், எதிர்முனையில் மார்க்ரமின் ரிதமும் கெடலாம். பவுமா ஆடுவது என்று முடிவெடுத்தார். மூன்றாவது நாள் முடியும்வரை அவுட் ஆகவில்லை. 147 ரன் பார்ட்னர்ஷிப். மார்க்ரம் 136, பவுமா 66. மறுநாள் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. 1998-க்குப் பிறகு, 27 ஆண்டுகள் கழித்து தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஐசிசி கோப்பை. லாங்காவின் தெரு ‘லார்ட்ஸில்’ ஆடிய பையன், அசல் லார்ட்ஸ் பால்கனியில் அந்தக் கதாயுதத்தைத் தூக்கினார்.

ஈடன் கார்டன்ஸ்: 55 ரன்னின் விலை

கொல்கத்தா டெஸ்ட் இன்னும் சுவாரஸ்யம். பந்து தாறுமாறாகத் திரும்பிய பிட்ச். இரண்டாம் நாள் முடிவில் தென்னாப்பிரிக்கா 93/7, முன்னிலை வெறும் 63. ஆட்டம் முடிஞ்சது என்றுதான் எல்லோரும் டிவியை ஆஃப் செய்தோம். மறுநாள் காலை பவுமா, கார்பின் போஷை வைத்துக்கொண்டு மேலும் ரன் சேர்த்தார். 136 பந்தில் 55*. அந்த மேட்ச்சில் இரண்டு அணியிலும் சேர்த்து அடிக்கப்பட்ட ஒரே அரைசதம்.

இலக்கு 124. இந்தியாவின் கேப்டன் கில் கழுத்து வலியால் பேட் செய்ய வரவில்லை, அதையும் சொல்லணும். தாக்குப்பிடித்து நின்ற வாஷிங்டன் சுந்தரை வீழ்த்த, பவுமா பந்தைப் பகுதி நேர பவுலர் மார்க்ரமிடம் கொடுத்தார். ஸ்லிப்பில் கேட்ச். பிறகு அக்சர் படேல் மகராஜ் ஓவரில் சிக்ஸர்களாகப் பறக்கவிட, மேட்ச் திரும்புகிறதோ என்று தோன்றிய அதே ஓவரில் பந்து உயரே போனது. பின்னால் ஓடிப்போய் அதைப் பிடித்தவர் பவுமா. 93-ல் இந்தியா ஆல் அவுட்.

இதே டெஸ்ட்டின் முதல் நாளில்தான், எல்பிடபிள்யூ ரிவியூ எடுக்கலாமா என்று பந்த்துடன் பேசும்போது பும்ரா அவரை ‘பவ்னா’ என்று சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. இந்தியில் குள்ளன் என்று அர்த்தம். இருவரும் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக பவுமா பிறகு எழுதினார். அதை அவர் பெரிய விவகாரம் ஆக்கவில்லை. அவர் அமைதியாக இருந்தார் என்பதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

கவுகாத்தியில் முன்னிலை ஏறிக்கொண்டே போயும் டிக்ளேர் செய்யாமல் இழுத்தபோது, வர்ணனையாளர்களும் நம்ம ஆட்களும் திட்டினார்கள். 549 இலக்கு வைத்த பிறகுதான் விட்டார். பயந்த கேப்டன்சி என்றார்கள். தொடரில் 1-0 முன்னிலை, மேட்ச்சில் தோற்க வாய்ப்பே இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இந்தியா 140-க்குச் சுருண்டது.

அந்த அணியில் யார் யார் என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். தொடர் நாயகன் சைமன் ஹார்மர், 17 விக்கெட். இவர் 2017-ல் இங்கிலாந்து கவுன்ட்டி ஒப்பந்தத்துக்காக தென்னாப்பிரிக்க அணியை விட்டே போனவர், 2022-ல் திரும்பினார். அப்படிப் போனவர்களைக் காட்டித்தான் ‘கோட்டாவால் வெள்ளை வீரர்கள் ஓடுகிறார்கள்’ என்று அங்கே பேச்சு நடந்தது. கவுகாத்தியில் முதல் இன்னிங்ஸில் சதம் அடித்தவர் தமிழ் வேர்கள் கொண்ட டர்பன்காரர் செனுரன் முத்துசாமி. மகராஜின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். இந்த மூவரும் ஒரே பந்துவீச்சு வரிசை, தலைவர் லாங்காக்காரர்.

அடுத்து?

டெஸ்ட்டுக்குப் பிறகு நடந்த ஒருநாள் தொடரை இந்தியா 2-1 என வென்றது. உடனே பழைய மீம்கள் திரும்பி வந்தன, எதிர்பார்த்ததுதான். உண்மையான பரீட்சை இனிமேல்தான். அடுத்த சீசனில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து டெஸ்ட் ஆடுகின்றன, ‘ஈஸி அட்டவணை’ பேச்சுக்கு அங்கே இடம் இருக்காது. 2027 ஒருநாள் உலகக் கோப்பையும் அவர்கள் மண்ணில்தான், ஜிம்பாப்வே, நமீபியாவுடன் சேர்ந்து நடத்துகிறார்கள். அப்போது பவுமாவுக்கு வயது 37. அடிக்கடி காயத்தில் விழும் உடம்பு. அதுவரை ஒருநாள் கேப்டனாக அவரை வைத்திருப்பார்களா என்பதைத் தேர்வுக்குழு முடிவு செய்யும். ஃபார்மையும் ஃபிட்னஸையும் பார்த்து முடிவு செய்தால் யாருக்கும் புகார் இருக்காது.