தேதி குறித்த அதிதிகள்

1921-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ரயில் நிலையம் வரை வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வந்து மூன்றே ஆண்டுகள் தத்துவம் கற்பித்தவருக்குக் கிடைத்த மரியாதை அது. மைசூர்க்காரர்கள் இன்றும் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிறார்கள். அதே ஊரில் இப்போது கல்வியாண்டு முடியும்போதெல்லாம் கல்லூரிப் படியிறங்கும் ஆசிரியர்கள் பலர். அவர்களை வழியனுப்ப யாரும் வருவதில்லை. அடுத்த பருவத்தில் திரும்பி வருவோமா என்பது அவர்களுக்கே தெரியாது.

கன்னடத்தில் இவர்களுக்கு 'அதிதி உபன்யாசகர்' என்று பெயர். உபந்நியாசம் என்றதும் தமிழ்க் காதுக்கு மார்கழி மாதமும் ராமாயணமும் நினைவுக்கு வரும். கன்னடத்தில் அது வெறும் கல்லூரி விரிவுரை. வேடிக்கை முதல் சொல்லில்தான் இருக்கிறது. திதி பார்க்காமல் வருபவன் அதிதி என்று பழைய பண்டிதர்கள் பொருள் சொல்வார்கள். கர்நாடக அரசின் அதிதிகளுக்கோ வரும் தேதியும் போகும் தேதியும் உத்தரவிலேயே அச்சாகிவிடுகின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இதே ஆட்களைக் 'கௌரவ விரிவுரையாளர்' என்கிறார்கள். அங்கே ஆண்டுக்கு 11 மாதம் கௌரவம், மே மாதம் கிடையாது.

மைசூரில் மகாராணி கல்லூரி, குவெம்பு நகர், சித்தார்த்த நகர். வெளியே நஞ்சன்கூடு, ஹுன்சூர். அரசு முதல்நிலைக் கல்லூரிகள் எங்கே போனாலும் வகுப்புகளில் பெரும் பகுதியை நடத்துபவர்கள் இந்த விருந்தாளிகள்தான். மாநிலம் முழுக்க இவர்கள் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டும். நிரந்தர உதவிப் பேராசிரியர் பதவிகளுக்காக 2021-ல் அரசு அறிவித்த இடங்கள் 1,242. இந்த நியமனங்கள் வந்தபோது அதிதிகளுக்கு மகிழ்ச்சியைவிடப் பயமே அதிகம். நிரந்தர ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்தாலோ, இடமாற்றத்தில் வந்து சேர்ந்தாலோ, அதுவரை அந்தப் பாடத்தை எடுத்தவரின் 'வர்க்லோடு' அன்றைக்கே காணாமல் போகும்.

வர்க்லோடு என்ற அந்தச் சொல்தான் இவர்களுடைய ஜாதகம். 2022 ஜனவரியில், நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, கர்நாடக அரசு இவர்களின் மதிப்பூதியத்தை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்தியது. யு.ஜி.சி. தகுதியும் ஐந்தாண்டு அனுபவமும் உள்ளவருக்கு ரூ. 13,000 என்பது ரூ. 32,000 ஆயிற்று. தகுதி இல்லாதவர்களுக்கும் ரூ. 11,000-லிருந்து ரூ. 26,000, ரூ. 28,000 என்று ஏறியது. நல்ல செய்திதான். ஆனால் அதே உத்தரவு வாரத்துக்கு 15 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும் என்றது. முன்பு எட்டு மணி, பத்து மணி என்று இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட பாடவேளைகளை ஒருவரே எடுத்தால் மற்றவர் என்ன ஆவார்? ஊதிய உயர்வைக் கொண்டாடிய கூட்டத்திலேயே வேலை இழந்தவர்களும் இருந்தார்கள்.

தகுதி விஷயத்தில் மைசூருக்குத் தனிக் கதை உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான கே-செட் தேர்வைப் பல ஆண்டுகள் நடத்தியது மைசூர்ப் பல்கலைக்கழகம். 2023-ல்தான் அது மாநிலத் தேர்வு ஆணையத்தின் கைக்குப் போனது. உதவிப் பேராசிரியராகும் தகுதி பெற்றவர் என்று சான்றிதழ் கொடுத்த ஊரிலேயே, அந்தச் சான்றிதழோடு ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதிதியாக இருக்க முடிகிறது.

யு.ஜி.சி. விதிகள் இதை அனுமதிக்கின்றனவா? 2018-ம் ஆண்டு விதிமுறைப்படி, தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே ஒப்பந்த ஆசிரியரை அமர்த்தலாம். மொத்த ஆசிரியர் பணியிடங்களில் அவர்கள் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தப் பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே ரூ. 57,700. இத்தனை நிபந்தனைகளும் 'ஒப்பந்த' ஆசிரியருக்குத்தான். 'விருந்து' ஆசிரியர் என்று எழுதிவிட்டால் கணக்கு வேறு: ஒரு வகுப்புக்கு ரூ. 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ. 50,000 என்று 2019-ல் யு.ஜி.சி. நிர்ணயித்தது. அந்தத் தொகையைக்கூடப் பல மாநிலங்கள் எட்டவில்லை. ஆக, ஒரு பெயர்ச்சொல்லை மாற்றினால் உச்சவரம்பும் சம்பளமும் சேர்ந்து மறைகின்றன. போதாததற்கு, 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு விதிகளில் அந்த 10 சதவீத வரம்பையே காணோம்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. அதுவும் கர்நாடகத்திலிருந்து போன வழக்குதான். வணிக வரித்துறையின் தற்காலிக ஊழியர்கள் தொடுத்த உமாதேவி வழக்கில், 2006 ஏப்ரல் 10 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. காலிப் பணியிடத்தில் பத்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை விலக்கு. கொல்லைப்புற நியமனங்களைத் தடுப்பதே நோக்கம். அரசு அலுவலகங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு: யாரையும் 'தொடர்ந்து' வேலை செய்ய விடாதே. பத்து மாதம் வேலை, பிறகு இடைவெளி, மறுபடி விண்ணப்பம். இந்தப் போக்கைச் சுப்ரீம் கோர்ட்டே 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்தது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுக் கல்லூரிகளில் ரூ. 30,000-க்கு வேலை செய்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை நிலுவையுடன் கொடுக்கச் சொன்னது. சம்பளம் ஏறலாம். புதுப்பிப்பு பற்றிய கவலைக்கு அந்தத் தீர்ப்பில் மருந்து இல்லை.

இந்தக் கவலை அயல்நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு உரியது என்றுதான் பொதுவாக நினைப்போம். சீனப் பல்கலைக்கழகங்களில் மொழி கற்பிக்கும் வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். பணி அனுமதியும் குடியிருப்பு அனுமதியும் அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டவை. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். 60 வயதை நெருங்கினால் புதுப்பிப்பதே கஷ்டம். இருந்தாலும் அவர்கள் நிஜமாகவே விருந்தாளிகள். வீட்டு வசதி, ஊர் திரும்ப விமானக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கமாவது அங்கே உண்டு. நஞ்சன்கூட்டுக்குத் தினமும் பஸ் ஏறும் மைசூர்க்காரர் சொந்த ஊரிலேயே விருந்தாளி. கோடை விடுமுறையில் வீட்டுக்காரர் வாடகையை நிறுத்தி வைப்பதில்லை.

பணத்தை விடவும் பெரிய நஷ்டம் வகுப்பறையில் நடக்கிறது. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் மூன்றாண்டு ஆய்வைத் தொடங்குவாரா? வருகைப் பதிவு குறைந்த மாணவனைத் தடுத்து நிறுத்துவாரா? முதல்வரோடு ஒரு விஷயத்தில் மாறுபட்டுப் பேசுவாரா? புதுப்பிப்புக் கடிதம் தாமதமாகும் ஆண்டுகளில் பருவம் தொடங்கி வாரக்கணக்கில் வகுப்புகள் காலியாகக் கிடக்கின்றன. அதை அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்.

மானச கங்கோத்ரியில் இன்னொரு வகை உண்டு. 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தில் தமிழ் உட்பட எல்லா மொழிக்காரர்களும் திட்டப் பணிகளில் ஒப்பந்தத்தில் அமர்கிறார்கள். 2008-ல் தொடங்கிய தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் அங்கேதான் நடக்கிறது. ஒரு பாடநூலைத் தமிழாக்கிக் கலைச்சொல் ஒப்பிட்டுச் சீராய்வுக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். கலைச்சொல் அகராதி அலமாரியில் இருக்கலாம். எந்தச் சொல்லை ஏன் தள்ளினோம் என்ற நினைவு ஆளோடு போய்விடும்.

2023 நவம்பரில் அதிதிகள் மறுபடி வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். 2024 புத்தாண்டு நாளில் தும்கூர் சித்தகங்கா மடத்திலிருந்து பெங்களூருக்கு நடந்தார்கள். கேட்டது 'காயமாதி'. கன்னடத்தில் நிரந்தரம் என்றால் 'காயம்'. தமிழில் அதே ஓசைக்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. அரசு கொடுத்தது அனுபவத்துக்கு ஏற்ப ரூ. 5,000 முதல் ரூ. 8,000 வரை உயர்வு, மருத்துவக் காப்பீடு, 60 வயதில் விலகுபவருக்கு ரூ. 5 லட்சம் வரை மொத்தத் தொகை. நிரந்தரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. அடுத்த கவுன்சலிங் அறிவிப்பு வரும்போது இருபது ஆண்டு பாடம் நடத்தியவரும், போன வருடம் எம்.ஏ. முடித்தவரும் ஒரே இணையப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டு. கல்லூரியில் 15 மணி நேரப் பாடவேளை மிச்சம் இருந்தால் அந்த மதிப்பெண் பயன்படும்.