மவுஸைப் பிடிக்கப்போகிறவரைக் கேட்டு வாங்குங்கள்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அன்று தொடங்கி மார்கழி வரை என்னைப் போன்ற டிசைனர்களின் வலது கை மவுஸை விட்டு எழாது. கடைப் பெயர் மாற்றுவது, போன் நம்பர் திருத்துவது, சாமி படத்தின் பின்னணியை வெட்டி எடுப்பது, கட்டிங் காலண்டருக்கு டை லைன் வரைவது என்று காலையில் உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை அதே வேலைதான். இருபது வருஷத்துக்கும் மேலாக இதில் இருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒரு டிசைனிங் சென்டர் நடத்துகிறேன். சம்பளத்துக்கு இருந்தவள், இன்று சம்பளம் கொடுக்கிறவள் என்ற இரண்டு நிலையிலிருந்தும் இதை எழுதுகிறேன்: மவுஸை வாங்குகிறவர் ஒருவர், அதை நாள் முழுக்கப் பிடிக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும் வழக்கத்தை நாம் மாற்ற வேண்டும்.

புது சிஸ்டம் வாங்கக் கடைக்குப் போகும் முதலாளிகளைக் கவனித்திருக்கிறேன். பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பேரம் நடக்கும். கடைசியில் கடைக்காரர், "கீபோர்டு மவுஸ் சேர்த்துத் தந்துடுறேன் அண்ணாச்சி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நாற்பதாயிரம் ரூபாய் கொட்டேஷனில் மவுஸுக்கென்று ஒரு வரி இருக்காது. இருந்தாலும் முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடம், வங்கி, அரசு அலுவலகம் என எங்கே போனாலும் இதே கதைதான். மொத்தமாக வந்து இறங்கும் மவுஸ்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆறடி உயர ஆளுக்கும், சின்னக் கை உள்ள பெண்ணுக்கும், இடது கைப் பழக்கம் உள்ளவருக்கும் அதே ஒன்று.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டிங் காலண்டரில் சாமியின் உருவத்தை ஒட்டியே அட்டையை வெட்டுவார்கள். வெட்டும் டைக்கான கோட்டை நாங்கள் கோரல் டிராவில் வரைந்து கொடுப்போம். கிரீடத்தின் ஒவ்வொரு வளைவுக்கும், வேலின் முனைக்கும் தனித்தனியாக நோடு என்ற பிடிப்புள்ளி வைத்து, ஷேப் டூலால் இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அதே டூலால் ஒரு நோடின் மேல் இரண்டு முறை தட்டினால் அந்த நோடு அழிந்துவிடும். கோட்டின் மேல் இரண்டு முறை தட்டினால் புதிதாக ஒன்று முளைக்கும்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் முருகன் படம் ஒன்றுக்கு இப்படிக் கோடு வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய மவுஸில் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாகப் பதிய ஆரம்பித்திருந்தது. எப்போதும் அப்படி இல்லை, இடையிடையே மட்டும். வேலின் முனையிலிருந்த நோடைத் தொட்டு நகர்த்தப் போனபோது அது அழிந்து, கூர்மையாக இருக்க வேண்டிய முனை மழுங்கிப்போனது. பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாத அளவு வித்தியாசம். ப்ரூஃபில் அதைக் கண்ட முதலாளி அவளைத்தான் திட்டினார். கவனம் எங்கே இருக்கிறது, போனில் இருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மவுஸைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கருவியின் பழுது அந்தப் பெண்ணின் கைப்பிழையாக எழுதப்பட்டது. எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் இப்படிப் பழி சுமக்கிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தப் பழுதின் காரணம் எளியது. மவுஸ் பட்டனுக்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அழுத்தினால் தகடு வளைந்து இன்னோர் உலோகப் புள்ளியைத் தொடும். அந்தத் தொடுகைதான் கிளிக். ஒரு கோடி, இரண்டு கோடி, ஐந்து கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று சுவிட்சுகளைத் தரம் பிரித்து விற்கிறார்கள். தொடும் இடம் தேய்ந்தோ, கறுத்தோ, தகட்டின் விறைப்பு குறைந்தோ போனால் ஒரே அழுத்தத்தில் தொட்டு, விட்டு, மறுபடி தொடும். கம்ப்யூட்டர் அதை இரண்டு கிளிக்காக எண்ணிக்கொள்ளும். எதையாவது இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி விழுவதும் இதனால்தான். செட்டிங்ஸில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. இந்த அதிர்வு மனித விரலால் முடியாத வேகத்தில் நடப்பது. எந்த வேகம் வைத்தாலும் அதற்குள் அடங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு ஃபோல்டரின் மேல் ஒரே ஒரு முறை நிதானமாக அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் செய்யுங்கள். ஒரு தடவையாவது தானாகத் திறந்துகொண்டால் சுவிட்ச் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்க்ரோல் வீலும் இப்படித்தான். எங்கள் வேலையில் ஜூம் முழுக்க வீலில்தான். உள்ளே தூசி சேர்ந்துவிட்டால் முன்னால் சுற்றும்போது படம் பின்னால் தாவும். சால்டரிங் நன்றாகத் தெரிந்த மொபைல் கடைத் தம்பி கிடைத்தால், சுவிட்சின் மூன்று கால்களையும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தருவார். விலை கூடிய, கைக்குப் பழகிய மவுஸ் என்றால் அதைக் கட்டாயம் செய்யலாம். இப்போது ஒளியை மறித்து வேலை செய்யும் ஆப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸ்களும் வருகின்றன. அவற்றில் உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை என்பதால் இந்த நோய் அண்டாது.

பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். கைக்குப் பொருந்தாத மவுஸ் செய்யும் சேதம் மெதுவாகத்தான் தெரியும். எங்கள் தொழிலில் பெண்கள் நிறைய. என்னிடம் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கை சின்னது. கடையில் கிடைக்கும் அகலமான மவுஸைப் பிடித்தால் அவள் உள்ளங்கை அதன் முதுகில் உட்காராது. விரல் நுனியால் பட்டனை எட்டுவதற்காகக் கையை முன்னால் தள்ளி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கியே வைத்திருந்தாள். சுண்டுவிரல் மேசையில் உராய்ந்து காய்த்துப்போயிருந்தது. குறுகலான, முதுகு தாழ்ந்த மவுஸ் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்த பிறகு அந்த மடக்கல் போய்விட்டது. வேகம் கூடியதா என்று நான் அளக்கவில்லை. சாயங்காலம் கையை உதறிக்கொண்டே எழுவது நின்றுவிட்டது. எனக்கு அது போதும்.

கடையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். மேசை உயரத்தில் வைத்துப் பிடியுங்கள். நின்றுகொண்டு கையில் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளங்கை மேலே படிய வேண்டும், இரண்டு விரல்களும் மடங்காமல் பட்டனின் முன்பகுதியில் உட்கார வேண்டும். கட்டைவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டில் இறுக்காமல் பிடிக்க இடம் வேண்டும். மவுஸைச் சற்றுத் தூக்கி நகர்த்திப் பாருங்கள். அப்போது விரல்கள் இறுகினால் அது உங்களுக்கு ஆகாது. பட்டனின் முன்னாலும் பின்னாலும் அழுத்திப் பார்த்து, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இறங்குகிறதா என்று கவனியுங்கள். லேப்டாப் பையில் போடுவதற்கென்று செய்த குட்டி மவுஸை நாள் முழுக்க உழைக்கிறவர் தலையில் கட்டாதீர்கள். மேலே ரப்பர் பூச்சு பூசியது முதல் நாள் மெத்தென்று இருக்கும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் நாளடைவில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

இதையெல்லாம் பார்க்கக் கடைக்காரர் விட வேண்டுமே! "பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கம்மா" என்ற பதிலைக் கேட்காதவர் யார்? அவர்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் செருப்புக் கடையில் போட்டு நடந்து பார்க்காமல் யாரும் செருப்பு வாங்குவதில்லை. கடைக்கு நாலைந்து வடிவங்களில் மாதிரி மவுஸ் பிரித்து வைத்தால் போதும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பும் காலக்கெடு இருக்கும் பொருளாகப் பார்த்து வாங்கி, அந்த நாட்களுக்குள் முழு வேலையையும் அதில் செய்து பாருங்கள். தெருவோரத்தில் பிரபல பெயரோடு பாதி விலைக்குக் கிடைப்பதை நம்பாதீர்கள். பில்லும் வாரண்டியும் இருந்தால்தான் சுவிட்ச் போகும்போது கேட்க முடியும்.

விளம்பரத்தில் உரக்கச் சொல்லப்படுவது டிபிஐ, அதாவது கையின் அசைவை மவுஸ் எவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறது என்ற அளவு. எட்டாயிரம், பதினாறாயிரம் என்று போட்டிருப்பார்கள். நுணுக்கமாகப் படம் வெட்டும் எங்களுக்கே ஆயிரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மினுக்கும் விளக்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வயரா, வயர்லெஸ்ஸா என்பதில் என் கட்சி வயர்தான், மேசையிலேயே இருந்து உழைக்கிறவருக்கு. பேட்டரி தீர்வதில்லை, அடுத்த மேசை ரிசீவரோடு மாறிப்போவதில்லை. வயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் உள்ளுக்குள் அறும், அதனால் அங்கே தடித்த ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வயர்லெஸ்ஸே வேண்டும் என்றால் ரிசீவரை சிபியூவின் பின்னால் ஒளித்துச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 போர்ட்டில் வேலை செய்யும் ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். அம்பு திக்கித் திக்கி நகர்ந்தால் ரிசீவரை ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேசையும் முக்கியம். மவுஸின் அடியில் இருக்கும் சின்னக் கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. கண்ணாடி மேசையில் அதற்குப் பார்க்க எதுவும் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் பலரும் மிஞ்சிய காலண்டர் அட்டையைத்தான் மவுஸுக்கு அடியில் வைக்கிறோம். வார்னிஷ் அடித்த பளபளப்பான பக்கம் கீழே போகட்டும். மங்கலான பின்பக்கத்தில் மவுஸ் அருமையாக ஓடும்.

தோள் வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் மவுஸை மாற்றும் முன் கீபோர்டைப் பாருங்கள். வலது பக்கத்து நம்பர் பகுதி நீளமாக இருப்பதால் மவுஸ் தள்ளிப்போய், கை உடம்பை விட்டு விலகியே கிடக்கிறது. நம்பர் பகுதி இல்லாத கீபோர்டு வாங்கினால் அந்த இடைவெளி குறைந்துவிடும். கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ்கள் முன்கை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும். பில் போடும், டேட்டா என்ட்ரி செய்யும் தோழிகள் சிலர் அதில் சுகமாக இருக்கிறார்கள். விரல் நுனியால் நகர்த்தும் டை லைன் வேலைக்கு என் கைக்கு அது ஒத்துவரவில்லை. எந்த மவுஸும் மருத்துவம் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் ராத்திரியில் தூக்கம் கலைகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

உண்மையில் மவுஸ் என்ற கருவியே கைகளைக் கேட்டுத்தான் தேர்வானது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்ததை, 1964இல் பில் இங்கிலிஷ் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரங்கள் வைத்துச் செய்து காட்டினார். அதையே சிறந்தது என்று அவர்கள் முடிவுகட்டிவிடவில்லை. லைட் பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து, ஆட்களை உட்காரவைத்து, எதில் எவ்வளவு நேரமாகிறது, எவ்வளவு பிழை வருகிறது என்று அளந்து 1967இல் வெளியிட்டார்கள். பழகிய கைகளில் மவுஸ் முந்தியது. அறுபது வருஷம் முன்பு அந்த ஆய்வுக்கூடம் காட்டிய அக்கறையை இன்று நம் அலுவலகங்கள் காட்ட முடியாதா?

முதலாளிகளும் அதிகாரிகளும் செய்ய வேண்டியது கஷ்டமான காரியமில்லை. கொட்டேஷனில் மவுஸுக்குத் தனி வரி கேளுங்கள். நபருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினாலே நல்லது வாங்கலாம். இடது கைக்காரர் இருந்தால் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் மவுஸ் வாங்கிக் கொடுத்து, பட்டனை மாற்றி வைக்கும் செட்டிங்கையும் காட்டிக் கொடுங்கள். சுவிட்ச் தகராறு செய்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே மாற்ற, இரண்டு மவுஸ் கூடுதலாக அலமாரியில் இருக்கட்டும். வாங்கப் போகும்போது அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். அந்த அரை நாளையும் வேலை நாளாகவே கணக்கில் எழுதுங்கள்.